வினைமுதல் இல்லாத வாக்கியம்

2020 மே 25 அன்று இரவு, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரப் போலீஸார் ஒரு பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டார்கள். போலீஸாருடனான தொடர்பின்போது நேர்ந்த மருத்துவச் சம்பவத்துக்குப் பின் ஒருவர் இறந்தார் என்பது அதன் தலைப்பு. உள்ளே சொல்லியிருந்ததன் சாரம் இது: மோசடி நடப்பதாக வந்த புகாரின்பேரில் இரண்டு அதிகாரிகள் சென்றார்கள். நாற்பதுகளில் இருப்பதாகத் தோன்றிய ஓர் ஆண் காரில் இருந்தார். இறங்கும்படி அவருக்கு உத்தரவிடப்பட்டது. இறங்கியபின் அவர் அதிகாரிகளை உடல்பலத்தால் எதிர்த்தார். அதிகாரிகள் அவருக்கு விலங்கு மாட்டினார்கள், அவர் உடல்நிலை பாதிக்கப்பட்டிருப்பதுபோல் தெரிந்ததைக் கவனித்தார்கள், ஆம்புலன்ஸை அழைத்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் சற்று நேரத்தில் இறந்தார். சம்பவத்தில் எவரும் எந்த ஆயுதத்தையும் பயன்படுத்தவில்லை. அதிகாரிகள் எவருக்கும் காயம் இல்லை.

இதில் அப்பட்டமான பொய் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய வாக்கியங்கள் குறைவு. ஆம்புலன்ஸை அழைத்தது உண்மை. துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதும் உண்மை. இறந்தவர் ஜார்ஜ் ஃபிளாய்ட். டெரக் ஷாவின் என்ற போலீஸ்காரர் 9 நிமிடம் 29 நொடி அவர் கழுத்தின்மேல் முழங்காலை ஊன்றியிருந்தார். குறிப்பில் முழங்கால் இல்லை, கழுத்தும் இல்லை.

வினைச்சொற்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். இறந்தவர் செய்தவை: இருந்தார், இறங்கினார், எதிர்த்தார், இறந்தார். போலீஸார் செய்தவை: சென்றார்கள், விலங்கு மாட்டினார்கள், கவனித்தார்கள், அழைத்தார்கள். எதிர்த்தல் இறந்தவர் கணக்கில் விழுகிறது. கவனித்தலும் உதவிக்கு அழைத்தலும் போலீஸார் கணக்கில். உத்தரவிட்டதற்குச் செயப்பாட்டுவினை போட்டிருக்கிறார்கள், அங்கே செய்தவர் மறைந்துகொள்கிறார். நடந்தவற்றில் மையமான அந்த ஒரு வினைக்கு வாக்கியமே எழுதப்படவில்லை. அந்த இடத்தில் 'மருத்துவச் சம்பவம்' என்ற பெயர்ச்சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆங்கிலச் செய்தி நடையைப் பற்றிப் பேசும்போது செயப்பாட்டுவினையை மட்டும் குறைசொல்பவர்கள் உண்டு. அது பாதிதான். செய்வினையிலேயே எல்லா வாக்கியத்தையும் எழுதி, ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதாமல் விட்டாலும் கொலை காணாமல் போய்விடும்.

அன்றிரவு டார்னெல்லா ஃபிரேஸியர் என்ற 17 வயதுப் பெண் தன் கைபேசியில் பதிவு செய்திருந்த காணொளியை வெளியிட்டார். மறுநாள் நான்கு போலீஸாரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2021 ஏப்ரல் 20 அன்று ஷாவின் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஜூனில் புலிட்சர் குழு அந்தப் பெண்ணுக்குச் சிறப்புப் பாராட்டு அளித்தது. பத்திரிகைத் தொழிலின் மிகப் பெரிய விருது, எந்தப் பத்திரிகையிலும் வேலை பார்க்காத ஒரு பள்ளி மாணவியைத் தேடிப் போனதை நினைத்து மகிழலாம். ஆனால் அந்தக் காணொளி இல்லாமல் இருந்திருந்தால் போலீஸ் குறிப்பே செய்தியாக நின்றிருக்கும், வரலாறாகவும் நின்றிருக்கும். அது போன்ற குறிப்பு அந்த ஊரில் எழுதப்பட்டது அதுவே முதல்முறையாக இருக்க வழியில்லை. அந்த நடையின் சரளம் அப்படி. பழகிய கை எழுதியது.

பத்திரிகை டெஸ்க்கில் இருந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியும். இரவு பதினொரு மணிக்கு ஒரு சாவுச் செய்தி வருகிறது. கிடைத்திருக்கும் ஒரே ஆதாரம் போலீஸ் தரப்பின் பிரஸ் நோட். க்ரைம் ரிப்போர்ட்டர் நாளைக்கும் அதே ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டியவர். எடிஷன் முடியும் நேரம் நெருங்குகிறது. இதழியல் பாடத்தின் முதல் வகுப்பில் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளைச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த வரிசையின் தலையில் இருப்பது 'யார்'. அந்த இரவில் 'என்ன', 'எங்கே', 'எப்போது' மூன்றும் சுலபமாகக் கிடைத்துவிடும். 'யார்' என்ற கேள்விக்கு இறந்தவரின் பெயரைப் போட்டதும் விடை நிரம்பியதுபோல் ஆகிவிடும். செய்தவர் யார் என்பதும் அதே கேள்வியின் மறுபாதி என்பதை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

ஆங்கிலச் செய்தி உலகின் சொல்தொகுதியை நம் மரபிலக்கணம் வைத்து எப்படி வகைப்படுத்துவது என்று யோசித்திருக்கிறேன். நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கும்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. நாலு பேர் நடுவே சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலத்தை மங்கலமாக்கிச் சொல்வது இரண்டாவது. செத்தாரைத் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது. ஒரு தொழிற்குழு தனக்குள் மட்டும் வழங்கும் சொல் மூன்றாவது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று சொல்வதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். செய்தி ஆங்கிலத்தில் மூன்றும் உண்டு. ஆனால் மரபில் இந்த மறைப்பு கேட்பவரின் பொருட்டு. பிணம் கிடக்கும் வீட்டில் 'எப்போ தவறினார்?' என்று கேட்கிறோமே, அது அழுதுகொண்டிருப்பவர்மீது உள்ள பரிவு. பொற்கொல்லரின் சொல்லும் கடைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. போர்க்களத்திலும் போலீஸ் நிலையத்திலும் பிறந்த ஆங்கிலச் சொற்களோ செய்தவரின் பொருட்டுப் பிறந்தவை. பத்திரிகை வழியே ஊர் முழுக்கப் பரவி, கேட்பவர் வாயிலும் ஏறிவிடுகின்றன. குழூஉக்குறி குழுவை விட்டு வெளியே வந்து பொதுவழக்கு ஆகிவிடும் நிலைக்கு நம் இலக்கணத்தில் பெயர் இல்லை.

இந்தோசீனப் போர்க்காலத்தில் இது தொழிற்சாலை அளவில் நடந்தது. கம்போடியாவில் அமெரிக்கத் தூதரகத்தின் விமானப்படை அதிகாரியாக இருந்த கர்னல் டேவிட் ஆப்ஃபர் நிருபர்களிடம் ஒருமுறை எரிச்சலோடு சொன்னார்: நீங்கள் எப்போது பார்த்தாலும் குண்டுவீச்சு, குண்டுவீச்சு என்றே எழுதுகிறீர்கள், அது குண்டுவீச்சு இல்லை, வான்வழி ஆதரவு. அமெரிக்க ஆங்கில ஆசிரியர்கள் சங்கம் பூசிமெழுகும் மொழிக்காக வழங்கிய 1974ஆம் ஆண்டு விருதை அவருக்குக் கொடுத்தது. அவர் வெளிப்படையாகக் கேட்டதால் மாட்டிக்கொண்டார். அவர் கேட்டதைக் கேட்காமலேயே செய்துகொடுத்த பத்திரிகைகளை என்ன செய்வது?

அந்தக் கேள்விக்கு எண்களோடு ஒரு விடை இருக்கிறது. ஆளைக் கட்டிப்போட்டு, முகத்தைத் துணியால் மூடி, தண்ணீரை ஊற்றி மூச்சை முட்டவைக்கும் வதையை அமெரிக்க உளவுத்துறை 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு கைதிகள்மீது நடத்தியது. அரசு அதற்கு வைத்த பெயர் 'மேம்படுத்தப்பட்ட விசாரணை முறைகள்'. அந்த வதை புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் இதைச் செய்த ஜப்பானியரை அமெரிக்காவே விசாரித்துத் தண்டித்திருக்கிறது. ஹார்வர்டு கென்னடி கல்லூரி மாணவர்கள் சிலர் பழைய நாளிதழ்களை எல்லாம் புரட்டி 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் 1930களிலிருந்து எழுதிவந்த கட்டுரைகளில், இந்தப் புதிய விவகாரம் வெடிப்பதற்கு முன்பு, 54இல் 44 கட்டுரைகள் இதைச் சித்திரவதை என்றே சொல்லின அல்லது அப்படிப் பொருள்படும்படி எழுதின. 2002க்கும் 2008க்கும் இடையே அதே நாளிதழில் 143 கட்டுரைகள். அவற்றில் சித்திரவதை என்றவை 2.

வதை மாறவில்லை. தண்ணீர் அதே தண்ணீர், நுரையீரல் அதே நுரையீரல். ஊற்றியவர் கை மாறியது. அந்தக் கை தன் நாட்டுக் கையானதும் நாளிதழின் நாக்கு தடுமாறிவிட்டது. மற்ற நாடுகள் இதைச் செய்தபோது அந்தச் சொல் தயங்காமல் வந்ததையும் அதே ஆய்வு காட்டியது. நியூயார்க் டைம்ஸ் தரப்பு அப்போது சொன்ன விளக்கம், இது அரசியல் சர்ச்சைக்குள்ளான சொல், பயன்படுத்தினால் ஒரு தரப்பின் பக்கம் சாய்ந்ததாகும் என்பது. இந்த விளக்கத்தை நான் பலமுறை நிதானமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பயங்கரம் தெரிகிறது. எந்தச் சொல்லையும் சர்ச்சைக்குள்ளாக்கும் அதிகாரம் ஆட்சியில் இருப்பவரிடம் இருக்கிறது. 'அது அப்படி இல்லை' என்று அவர் மறுத்தால் போதும், சொல் சர்ச்சைக்குரியது ஆகிவிடும். பிறகு நடுநிலையின் பெயரால் பத்திரிகை அந்தச் சொல்லைக் கைவிட வேண்டும். கைவிட்டபின் எஞ்சியிருப்பது அரசு வைத்த பெயர்தான். 2014 ஆகஸ்டில், ஆசிரியர் டீன் பக்கே, விசாரணையாளர்கள் வலி ஏற்படுத்தியது உறுதியாகத் தெரிந்த இடங்களில் இனி 'சித்திரவதை' என்றே எழுதுவோம் என்று அறிவித்தார். அறிவித்தது பெரிய காரியம்தான். அதற்குள் அந்த அரசு ஆட்சியை விட்டு இறங்கி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இவ்வளவு சொன்னபிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். செய்தி ஆங்கிலத்தின் தயக்கங்கள் எல்லாமே மறைப்பு வேலை இல்லை. அந்த மொழியின் மேன்மைகளில் ஒன்றும் தயக்கத்தின் வடிவில்தான் இருக்கிறது. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லாதவரைக் குற்றவாளி என்று எழுதக்கூடாது. 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றுதான் எழுத வேண்டும். ஒருவர் செய்ததாகச் சொல்லப்படுவதற்கும் செய்தார் என்பதற்கும் நடுவே எப்போதும் ஒரு சொல் குறுக்கே நிற்க வேண்டும். யார் சொன்னது என்பது வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். அவதூறு வழக்கின் பயத்தில் பிறந்த பழக்கங்கள் இவை என்று சொல்பவர்கள் உண்டு. பயத்தில் பிறந்தால் என்ன? அவை பேர் தெரியாத எத்தனையோ எளிய மனிதர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. 2013 ஏப்ரலில் அஸோஸியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டிலிருந்து 'சட்டவிரோதக் குடியேறி' என்ற தொடரை நீக்கியது. செயல் சட்டவிரோதமாக இருக்கலாம், மனிதர் சட்டவிரோதமாக இருக்க முடியாது என்பது அதன் வாதம். அதே கையேடு பின்னர், போலீஸ் சுட்டதை 'ஆபீஸர் இன்வால்வ்டு ஷூட்டிங்' என்று சுற்றி வளைத்துச் சொல்வதைத் தவிர்க்கும்படியும் சொன்னது. அந்தத் தொடரில் போலீஸ்காரர் ஏதோ துப்பாக்கிச்சூடு நடக்கும் இடத்தில் இருந்தவர்போல் தெரிகிறார். சுட்டாரா, சுடப்பட்டாரா என்றுகூட விளங்காது. இந்த இரண்டு திருத்தங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்று, பலமில்லாதவர் நெற்றியில் முத்திரை குத்தாதே என்கிறது. மற்றது, பலமுள்ளவர் செய்ததை ஒளிக்காதே என்கிறது.

அந்தப் பாதுகாப்புச் சொற்களை ஒரு நாள் கைவிட்டதற்கு ஒரு மனிதர் என்ன விலை கொடுத்தார் என்பதையும் அதே நாடு பார்த்தது. 1996 ஜூலை 27, அட்லாண்டா ஒலிம்பிக் பூங்கா. ரிச்சர்டு ஜூவல் என்ற காவலாளி கேட்பாரற்றுக் கிடந்த பையைப் பார்த்துச் சொல்லி, கூட்டத்தை அப்புறப்படுத்த உதவினார். குண்டு வெடித்தது, அவர் செய்த காரியத்தால் பல உயிர்கள் தப்பின. மூன்று நாள் கழித்து உள்ளூர் நாளிதழ், அவரே குண்டு வைத்திருக்கலாம் என்று எஃப்.பி.ஐ. சந்தேகிப்பதாகச் சிறப்புப் பதிப்பு போட்டது. அந்தச் செய்தியைச் சொன்ன ஆதாரம் யார் என்று எழுதவில்லை. அசரீரி போல எழுதும் நடை அது. பத்திரிகை தானே எல்லாம் அறிந்ததுபோல் பேசும். எஃப்.பி.ஐ. சந்தேகித்தது நிஜம். ஆகவே செய்தி சாராம்சத்தில் உண்மை என்று, வழக்கு ஒன்றரைப் பத்தாண்டு நீண்டபின் 2011இல் ஜார்ஜியா மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. ஜூவல்மீது ஒரு வழக்குக்கூடப் பதிவாகவில்லை. 88 நாள் அவர் வீட்டு வாசலில் கேமராக்கள் காத்துக்கிடந்தன. பிறகு அவர்மீது விசாரணை இல்லை என்று அரசு எழுதிக்கொடுத்தது. குண்டு வைத்த எரிக் ருடால்ஃப் 2005இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். ஜூவல் 2007இல், 44 வயதில் இறந்துபோனார். சாராம்சத்தில் உண்மையான ஒரு செய்தி ஒரு நல்ல மனிதரை அழித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நமக்கும் இதற்கும் உள்ள தொடர்புக்கு வருகிறேன். தமிழ் நாளிதழ்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் செய்திகளைத் தமிழாக்கியே வளர்ந்தன. ராய்ட்டர் தந்தி, பிறகு பி.டி.ஐ. டெலிபிரின்டர், இப்போது கணினித் திரை. அந்த மேசையில் தமிழ் உரைநடை அடைந்த லாபம் ஏராளம். குறுகிய வாக்கியமும் தெளிவும் வேகமும் அங்கே பழகியவை. கூடவே வந்த சிலவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ் வினைமுற்றின் அமைப்பில் ஒரு நேர்மை இருக்கிறது. எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் விகுதி செய்தவரைக் காட்டிக்கொடுத்துவிடும். 'சுட்டான்' என்றால் ஒருவன். 'சுட்டார்கள்' என்றால் பலர். தோன்றா எழுவாய் என்று இலக்கணம் சொல்வது இதை. எழுவாய் தோன்றாவிட்டாலும் இருக்கிறது. செய்தவரைத் தமிழில் முழுசாக ஒளித்துவைக்க வேண்டுமென்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். வினையைப் பெயராக்க வேண்டும்: துப்பாக்கிச்சூடு, தடியடி, மோதல். அல்லது பேச்சில் யாரும் சொல்லாத 'படு'வை ஒட்ட வேண்டும்: சுடப்பட்டார், தாக்கப்பட்டார். அதுவும் போதாதென்றால் 'ஏற்பட்டது', 'நிகழ்ந்தது', 'வெடித்தது', 'நிலவுகிறது' என்று மழையையும் காற்றையும் பற்றிப் பேசுவதுபோல் பேச வேண்டும். இந்த மெனக்கெடலை நாம் நன்றாகவே கற்றுக்கொண்டோம். 'துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் பலி' என்று 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் சுட்டதைப் பற்றி எழுதினோம். டெஸ்க்கில் யாரும் சதி செய்யவில்லை. அந்த அச்சு கையில் தயாராக இருக்கிறது, எண்ணை மட்டும் மாற்றினால் போதும். பலி என்பதற்கு வினையும் இல்லை, விகுதியும் இல்லை. பேருந்து கவிழ்ந்தாலும் பலி, இடி விழுந்தாலும் பலி, போலீஸ் சுட்டாலும் பலி.

'என்கவுன்டர்' என்ற சொல்லை நாம் மொழிபெயர்க்கக்கூட இல்லை, அப்படியே வாங்கிக்கொண்டோம். இங்கிலீஷில் அது எதிர்பாராத சந்திப்பு. இந்தியப் போலீஸ் ஆங்கிலத்தில் அது வேறொன்று, இன்றைக்குத் தெருவில் விளையாடும் பையனுக்கும் அந்த வேறொன்றே தெரியும். 'என்கவுன்டர் பண்ணிட்டாங்க' என்று பேச்சுத்தமிழ் அதற்கு ஒரு துணைவினை கொடுத்துச் செய்தவரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. மக்கள் வாயில் அது செய்வினை. நாளிதழில் மட்டும் இன்னும் 'என்கவுன்டரில் பலி'. மக்களின் மொழி நாளிதழின் மொழியைவிட உண்மையாக இருக்கும் இடம் இது. பேச்சு வழக்கைக் கொச்சை என்று ஒதுக்கிய காலத்தில் இந்த உண்மையையும் சேர்த்து ஒதுக்கிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றும்.

ஃபிளாய்ட் இறந்து ஒரு மாதம் ஆகவில்லை, தமிழ்நாட்டில் சாத்தான்குளம் நடந்தது. 2020 ஜூன் 19 அன்று ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி வியாபாரி ஜெயராஜைப் போலீஸார் அழைத்துப் போனார்கள். தேடிப் போன மகன் பென்னிக்ஸையும் பிடித்து வைத்தார்கள். ஜூன் 22 இரவு மகன், 23 அதிகாலை தகப்பன், இருவரும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். முதல் தகவல் அறிக்கையில், அவர்கள் தரையில் உட்கார்ந்து உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்று எழுதியிருந்தது. மினியாபொலிஸ் குறிப்போடு இதை வைத்துப் படித்தால் கை நடுங்கும். அங்கே எதிர்த்தது இறந்தவர். இங்கே உருண்டது இறந்தவர்கள். இரண்டிலும் காயத்துக்கு வினைமுதல் காயம்பட்டவரே. அங்கே அழுத்திய முழங்காலுக்கும் இங்கே அடித்த தடிக்கும் வாக்கியம் இல்லை. பதினாலாயிரம் கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி இருக்கும் இரண்டு போலீஸ் நிலையங்கள் ஒரே இலக்கணத்தில் எழுதியிருக்கின்றன. விடிய விடிய அடித்தார்கள் என்றும், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்தது என்றும் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர், அதே நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். வாக்குமூலத்தில் கையெழுத்திட அவர் பயந்தார், பிறகு இட்டார். மினியாபொலிஸில் ஒரு பள்ளி மாணவி, சாத்தான்குளத்தில் ஒரு தலைமைக் காவலர். செய்தவரை வாக்கியத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். செய்தி எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட எங்களில் யாரும் அந்த இரு இடத்திலும் முதலாவதாக இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆங்கிலத்தின் மற்றொரு பாதியை, அதாவது தீர்ப்பு வராதவரைக் காக்கும் பாதியை, நாம் ஏன் இதே ஆர்வத்தோடு வாங்கிக்கொள்ளவில்லை? கைதான அன்றே 'குற்றவாளி' என்கிறோம். 'பிரபல ரவுடி' என்கிறோம். 'கொலையாளி சிக்கினான்' என்று, வயதுக்கும் மரியாதை விகுதி தரும் மொழியில், ஒருமைக்கு இறங்கிவிடுகிறோம். அவர் விடுதலையாகி வரும் நாளில் அந்த 'ஆன்' விகுதியை யார் திரும்ப எடுத்துக்கொள்வது? பலமுள்ளவரிடம் 'படு', பலமில்லாதவரிடம் 'ஆன்'. இரவல் வாங்கும்போது எதை எடுத்தோம், எதை விட்டுவந்தோம் என்பதில் நம் சமூகத்தின் சாய்வு அப்படியே தெரிகிறது. இதை ஆங்கிலம் நம் தலையில் கட்டவில்லை. இரண்டும் ஒரே மேசைக்கு, ஒரே கம்பியில்தான் வந்தன.

இரண்டு கோணலும் ஒன்றுசேர்ந்து நிற்கும் இடம் மாவுக்கட்டுப் படம். தமிழ்ச் செய்தி படிப்பவர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இருபது வயசு தாண்டாத முகம். வலது கையில் முழங்கை வரை புதிய வெள்ளைக் கட்டு, சில சமயம் காலிலும். கட்டு இன்னும் ஈரம் காயாதபோது எடுத்த படம். பக்கத்தில் சீருடை இடுப்பு மட்டும் தெரியும். முகம் சட்டகத்துக்கு வெளியே. கீழே இரண்டு வரி: தப்பியோட முயன்றபோது தவறி விழுந்ததில் கை முறிந்தது. அல்லது, கழிவறையில் வழுக்கி விழுந்ததில் முறிந்தது. தொலைக்காட்சியில் என்றால் பின்னணி இசையும் சேரும், வர்ணனையாளர் குரலில் ஒரு குஷி வரும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த பொய்யை எல்லோருக்கும் தெரியும்படியே சொல்லி, அதில் எல்லோரும் பங்குகொள்ளும் விளையாட்டாக அது ஆகிவிட்டது. அந்தப் பையன்மீது இருக்கும் குற்றச்சாட்டு மெய்யாக இருக்கலாம், கொடியதாகவும் இருக்கலாம். முறிந்தது எலும்பு. அதை முறித்தது யார் என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய தொழில், கேள்வியை விட்டுவிட்டு வாசகரோடு சேர்ந்து சிரிக்கிறது. அந்த வட்டாரத்துக் க்ரைம் நிருபருக்குக் கழிவறையும் தெரியும், கட்டுப் போட்டவரையும் தெரியும். தெரிந்தே எழுதும் 'தவறி விழுந்து' என்ற சொற்கள் வெறும் நடைக்குறை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இடம் போதாது, அவசரம், தலைப்புக்கு இரண்டு காலம்தான் என்பவை டெஸ்க்கில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். 'துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் பலி' என்பதற்கும் 'போலீஸ் சுட்டு 13 பேர் சாவு' என்பதற்கும் இட வேறுபாடு ஒன்றுமில்லை. பின்னது சற்றுச் சின்னது. 'தவறி விழுந்தார்' என்பதை 'தவறி விழுந்ததாகப் போலீஸார் சொல்கிறார்கள்' என்று மாற்ற இரண்டு சொல் கூடுதலாக வேண்டும். 'என்று தெரிவிக்கப்பட்டது' என்று முடிக்காமல் இருந்தால், சொன்னது யார் என்பதாவது நிற்கும். 'குற்றவாளி' என்பதற்குப் பதில் 'கைதானவர்' என்றால் ஓர் எழுத்தும் கூடாது. இவற்றுக்கு அனுமதி தேவையில்லை. நிர்வாகம் தடுக்காது, விளம்பரம் குறையாது. எங்கள் கைப்பழக்கம் தவிர வேறு எதிரி இந்த விஷயத்தில் கிடையாது.

கைப்பழக்கத்தைத் தாண்டிய ஒன்றும் பாக்கி இருக்கிறது. போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் தனியாக வழக்குப் பதிவு செய்ய வேண்டும், வேறு நிலையத்துப் போலீஸோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் 16 நெறிமுறைகள் வகுத்தது. முதல் நாள் 'என்கவுன்டரில் பலி' என்று எட்டுக் காலம் போட்ட எந்தச் செய்திக்கும் பின்னால் அப்படி ஒரு விசாரணை நடந்தாக வேண்டும். அதற்கு ஓர் அறிக்கையும் வந்தாக வேண்டும். அந்த அறிக்கையில் சுட்டவரின் பெயர் இருக்கும், எந்தச் சூழ்நிலையில் சுட்டார் என்பதும் இருக்கும். வினைமுதலோடு கூடிய வாக்கியத்தை அரசே எழுதித் தரும் ஒரே இடம் அது. அதைக் கேட்டு வாங்கப் போகும் நிருபர்கள் மிகக் குறைவு. நாளிதழ் அலுவலகங்களில் பட்ஜெட் நாள், தேர்வு முடிவு நாள், தேர்த் திருவிழா நாள் எல்லாவற்றையும் முன்கூட்டியே குறித்துவைக்கும் டைரி ஒன்று செய்தி ஆசிரியர் மேசையில் இருக்கும். என்கவுன்டர் செய்தி அச்சுக்குப் போகும் அன்றிரவே, மாஜிஸ்திரேட் அறிக்கையைக் கேட்க வேண்டிய மாதத்தையும் அதற்குப் போக வேண்டிய நிருபரின் பெயரையும் அந்த டைரியில் ஒரு வரியாக எழுதிவைக்கலாம்.